பாடாத கட்டர்

முதல் கட்டியை நாங்கள் பாழாக்கியது ஒரு திங்கட்கிழமை, காலைத் தேநீருக்கு முன்னால்.

மெல்பர்னில், மூரபின் விமானத் தளத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது வெஸ்னாவின் பட்டறை. நான் அங்கே அளவு பார்க்கிறவன். மெஷினிலிருந்து இறங்குகிற எதுவும் என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். அதனாலேயே என்னை அங்கே யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

அந்த வசந்தத்தில் எங்களுக்கு வந்த வேலை ஒரு கேமராக் கூடு. பனிக்கு அடியில், உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்து படம் பிடிக்கும் கேமராவுக்கு. ஹோபார்ட்டில் ஆராய்ச்சி செய்யும் ஃபிலிப்பா என்ற பெண் அதைக் கேட்டிருந்தாள். டைட்டானியக் கட்டியைக் குடைந்து பானை மாதிரி ஆக்க வேண்டும். உள்ளே அட்டை கனத்தில் விலா எலும்புகள் போலத் தகடுகள் நிற்க வேண்டும். அந்த விலாக்கள்தான் கடலின் அழுத்தத்தைத் தாங்கும். தென்துருவத்துக்குப் போகும் கப்பலில் அது ஏறியாக வேண்டும்.

"கப்பல் எனக்காக நிக்காது வெஸ்னா," என்று ஃபிலிப்பா தினமும் போன் செய்வாள். "எனக்காகவும் நிக்காதும்மா. எனக்கு அங்க யாரையும் தெரியாது," என்பாள் வெஸ்னா.

டைட்டானியம் பார்வைக்குச் சாது. இரும்பைவிட லேசு, துருப்பிடிக்காது. வெட்டப் போனால்தான் அதன் குணம் தெரியும். மற்ற உலோகங்களில் வெட்டுகிற சூடு பெரும்பாலும் சுருளோடு கழன்று போய்விடும். இதில் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை; சுழன்று வெட்டும் கட்டரின் பல் நுனியிலேயே குந்திக்கொள்ளும். வேகமாக ஓட்டினால் பல் கருகும். பயந்துபோய் மெல்ல உரசினால் ஜாபின், அதாவது வெட்டப்படும் துண்டின், மேல்தோல் கெட்டிப்பட்டு, திரும்பப் பல்லையே தின்னும்.

இதெல்லாம் மெர்வுக்குத் தெரியாததல்ல. பெரிய மில்லிங் மெஷின் அவன் கையில்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெட்டியவன். அதற்கு வாங்கிய கட்டர்களே டிராயர் நிறைய இருந்தன. "இதுவும் உலோகம்தானே" என்று ஒன்றை எடுத்து மாட்டினான்.

வெளிச்சுவரைத் தட்டுத் தடுமாறி முடித்தான். இடையிலேயே இரண்டு கட்டர்கள் நீலம் பாரித்துச் செத்தன. விலாவுக்கு வந்ததும் மெஷின் பாட ஆரம்பித்தது. உண்மையிலேயே பாட்டுதான்: உச்சஸ்தாயியில் ஒரே சுரம். காதைப் பொத்திக்கொண்டு நான் அளவறையிலிருந்து ஓடி வந்தேன். வெஸ்னா கையில் காப்பிக் கோப்பையோடு அலுவலகத்திலிருந்து வந்தாள்.

"மெர்வ், என்ன சத்தம் அது? பூனையப் புழியறியா?"

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவாப் பாடுது."

"பாடினா நிறுத்தமாட்டியா? அடுத்த பாட்டு கேப்பியா?"

அவன் சிவப்புப் பொத்தானை அமுக்குவதற்குள் விலா அடியிலேயே விரிசல் விட்டுவிட்டது. வெட்டின இடமெல்லாம் மீன் செதில் மாதிரி வரி வரியாக இருந்தது. அளந்து பார்க்க எனக்கு வேலையே இல்லை. உதட்டைப் பிதுக்கினேன், எல்லோருக்கும் புரிந்தது.

இன்னும் ஒரே ஒரு கட்டிதான் மிச்சம். புதிதாக வரவழைத்தால் கப்பல் போய்ச் சேர்ந்து திரும்பியே வந்துவிடும். வெஸ்னா அந்தக் கட்டியைத் துணியில் சுற்றித் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே இத யாரும் தொடக் கூடாது. மொதல்ல சரியான கட்டர் எதுன்னு முடிவு பண்ணுவோம். வெட்டுத்துண்டு ஒண்ணு மிச்சம் இருக்கில்ல, அதுல போட்டுப் பாப்போம். விக்கிறவங்களே வந்து வெட்டிக் காட்டட்டும்."

சொல்லிவிட்டு அவள் தனக்குத் தெரிந்த ஒரு விற்பனைக்காரருக்கு போன் போட்டாள். மெர்வும் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போட்டான். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேருமே புதன்கிழமை காலை வரச் சொன்னார்கள்.

*

முதலில் வந்தவன் வின். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கட்டர்களை விற்பவன். தேய்த்த சட்டை, பளபளக்கும் கார். அந்த மாதத்தில் எங்கள் முற்றத்து யூகலிப்டஸ் மரத்தில் மேக்பை பறவை குஞ்சு பொரித்திருந்தது. யார் வந்தாலும் பாய்ந்து தலையில் கொத்தும். வின் காரை விட்டு இறங்கியதுமே அது பாய, அவன் கட்டர் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு காருக்குள்ளேயே திரும்பப் புகுந்துகொண்டான். மெர்வ் காலி ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய், இன்னொரு டப்பாவை நீட்டினான்.

"போட்டுக்க தம்பி. வெனிலாதான்."

டப்பாத் தலையோடு இருவரும் வந்துகொண்டிருக்கும்போது, நசுங்கின பானெட்டோடு ஒரு வெள்ளை பிக்கப் வண்டி உள்ளே வந்தது. அதிலிருந்து இறங்கியவள் லியன். பிரேசைடில் தனியாகக் கொட்டகை வைத்து, கேட்கிறவர்களுக்குத் தகுந்தபடி தானே கட்டர் அரைத்துக் கொடுப்பவள். மேக்பை அவளை ஏனோ ஒன்றும் செய்யவில்லை. அவள் வின்னைப் பார்த்தாள். வின் டப்பாவைக் கழற்றினான்.

"இவன் எதுக்கு இங்க?" என்று அவள் மெர்விடம் கேட்டாள்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்றான் மெர்வ்.

"எங்க அக்கா," என்றான் வின்.

"இருந்தேன்," என்றாள் லியன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கொட்டகையை ஆரம்பித்தார்கள். திடீரென்று ஒருநாள் வின் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை.

வெஸ்னா இடுப்பில் கைவைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரையும் திருப்பி அனுப்ப எனக்கு நேரமில்ல. சண்டைய மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்கங்க. வின், நீ ஆரம்பி."

வின் பெட்டியைத் திறந்தான். கட்டர்கள் பஞ்சு மெத்தையில் நகைபோல் படுத்திருந்தன. ஏழு பல் உள்ள ஒன்றை எடுத்தான். சூடு தாங்கும் கருநிறப் பூச்சு பூசியது. கட்டரைக் கவ்விப் பிடிக்கும் மெர்வின் பழைய ஹோல்டரில் அதைப் பூட்டினார்கள்.

"சுத்துற வேகம் கம்மியா வைங்க. ஆனா ஃபீட, அதான் கட்டர் முன்னேறுற வேகத்த, குறைக்காதீங்க. நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது, நின்னா உரசும். ஒரே நேரத்துல அகலமா வெட்டாம பக்கவாட்டுல கொஞ்சம் கொஞ்சமா சீவிக்கிட்டே போகணும். கூலண்ட் தண்ணிய முழுசாத் தொறந்து விடுங்க, பல்லுல போய் அடிக்கணும்."

மெர்வ் வெட்டுத்துண்டை மாட்டி அப்படியே ஓட்டினான். வெளிச்சுவர் வெண்ணெய் மாதிரி வந்தது. குட்டி நகக் கீற்றுகள்போல வெள்ளிச் சில்லுகள் கொட்டின. கட்டரை இறக்கி லென்ஸில் பார்த்தேன், பல் மழுங்கவேயில்லை.

லியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "இதுக்கு நல்லாத்தான் இருக்கு," என்று மெஷினைப் பார்த்துச் சொன்னாள். தம்பியைப் பார்க்கவில்லை.

பிறகு அதே கட்டரை விலாவுக்குள் விட்டார்கள். தொட்டதுமே ஆரம்பித்தது பாட்டு. திங்கட்கிழமை கேட்டதுதான், ஒரு படி மேலே. வின்னின் முகம் தொங்கிப்போனது. வேகத்தை ஏற்றிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான். பாட்டு நின்றபாடில்லை.

"இப்ப என் முறை," என்றாள் லியன்.

அவள் சட்டைப் பையிலிருந்து, பழைய துணியில் சுற்றிய கட்டர் ஒன்றை எடுத்தாள். நாலு பல். மெர்வ் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

"தூக்கக் கலக்கத்துல அரைச்சீங்களா? பல்லுக்குப் பல்லு இடைவெளி கோணலா இருக்கே."

"வேணும்னேதான். பல்லெல்லாம் சம தூரத்துல இருந்தா ஒரே தாளத்துல அடிக்கும். ஊஞ்சல அந்தந்த நேரத்துக்குத் தள்ளிவிடுற மாதிரி. ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். தாளத்தக் கெடுத்துட்டா, விலாவுக்கு எப்ப ஆடறதுன்னே தெரியாது."

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கட்டர் இறங்கியது, கூலண்ட் பீய்ச்சுகிற சத்தம் மட்டும்தான். மெர்வ் மெஷின் கதவில் காதை வைத்துக் கேட்டான். வெஸ்னா முதல்தடவையாகக் காப்பியை ஆறவிடாமல் குடித்தாள்.

ஆனால் நான் அளந்தபோது விலாவின் காலடியில், துண்டின் அடித்தரையில், பள்ளம் இருந்தது. ஆரம்பத்தில் சரியான ஆழம். போகப் போகச் சரிவு. விலா அருமையாக இருக்கிறது, அடித்தரை கெட்டுவிட்டது.

"நான் புரோகிராம்ல ஒண்ணும் மாத்தல," என்றான் மெர்வ் உடனே. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

லியனின் காது சிவந்தது. கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான். கடைசியில் அவனால் முடியவில்லை.

"அக்கா, உன் கட்டர்ல தப்பில்ல. ஹோல்டர்தான் விட்டிருக்கு."

"உன்ன நான் கேக்கல."

"நீ கேக்கலைன்னாலும் எறங்கினது எறங்கினதுதான். சாஞ்ச பல்லு, திருகாணி மாதிரி ஜாபுக்குள்ள தன்னயே இழுத்துக்குது. டைட்டானியம் அவ்ளோ கெட்டியாப் பிடிக்குது. இந்தப் பழைய ஹோல்டருக்குத் தாங்கல, மயிரிழை மயிரிழையா வழுக்கி விட்டிருக்கு. இந்த மாதிரி ஆனத நாலஞ்சு பட்டறையில பாத்துட்டேன்."

"அப்ப உன் கட்டர் ஏன் எறங்கல?"

"பக்கவாட்டுல கொஞ்சமாத்தானே சீவினேன், இழுப்பு கம்மி. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தா அதுவும் எறங்கியிருக்கும்."

அவள் கட்டரின் தண்டில் விரலை வைத்துப் பார்த்தாள். வழுக்கின தடம் பளபளவென்று இருந்தது. "உம்," என்றாள். அக்கா தம்பிக்குள் ஒரு சமாதானத்துக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வின் விறுவிறுவென்று காருக்கு ஓடினான், டப்பாகூட இல்லாமல். திரும்பி வந்தபோது தலையில் கீறலும் கையில் புது ஹோல்டரும் இருந்தன. அதன் வாயைச் சூடாக்கினால் விரியும். கட்டரை விட்டு ஆற வைத்தால் இறுகிக் கவ்விக்கொள்ளும். யானை இழுத்தாலும் வராது.

"இதுல போடுங்க," என்றான்.

"போட முடியாது," என்றாள் லியன். "என் கட்டரோட தண்டுல ஒரு பக்கம் சப்பையா அரைச்சிருக்கேன். இதுக்கு முழு உருண்டையா இருக்கணும்."

வெஸ்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. இப்ப எனக்கு நேரா பதில் சொல்லுங்க. வின், உன் கம்பெனில விலாவுக்குன்னு வேற கட்டர் இருக்கா?"

"இருக்கு. வெளிநாட்லேர்ந்து வரணும்."

"கப்பலுக்கு முன்னாடி வருமா?"

வின் சட்டைக் காலரைச் சரிசெய்தான். வரும் என்று சொல்லியிருக்கலாம். அவன் தொழிலில் அதைச் சொல்லாதவர்கள் குறைவு.

"வராது. வெளிச்சுவருக்கு என் கட்டர வாங்குங்க. விலாவுக்கு அக்காகிட்ட வாங்குங்க. ஹோல்டர் நான் தர்றேன்."

"உன் கம்பெனிக்காரன் இதக் கேட்டா?"

"கம்பெனி இங்க வந்து நிக்கலையே. நான்தானே நிக்கிறேன்."

லியன் தொண்டையைக் கனைத்தாள். "வெளிச்சுவருக்கும் நானே அரைச்சுத் தர்றேன்னுதான் சொல்ல வந்தேன். ஆனா அவனோடது மாதிரி வராது. அந்தப் பூச்சு என்கிட்ட கிடையாது."

"இதச் சொல்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்றான் மெர்வ்.

உருண்டைத் தண்டுள்ள புதுக் கட்டர் அரைக்க வேண்டும். அதற்கான கார்பைடு உலோகக் கம்பி லியனின் கொட்டகையில் இருக்கிறது. வின்னும் கிளம்பினான். வெஸ்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ரஸ், நீயும் கூடப் போ. இவங்கள தனியா விட்டா ஒருத்தர்தான் திரும்பி வருவாங்க."

*

லியனின் பிக்கப்பில் முன்னால் ஒரே நீளமான சீட்டு. நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். கியர் என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. பவுண்டரி ரோடு தாண்டினோம்.

"மெசேஜ்ல சொன்னியேடா," என்றாள் லியன் திடீரென்று. "வேலைய விடறேன்னு மெசேஜ்ல அனுப்பினியே. கூடவே ஒரு சிரிச்ச மூஞ்சி வேற."

"நேர்ல சொன்னா நீ அழுவ."

"நான் எங்கடா அழுவேன்? அடிப்பேன்."

"அதான் மெசேஜ்."

சிக்னலில் வண்டி நின்றது. நான் எதிரே இருந்த டயர்க் கடையின் பெயர்ப்பலகையை மும்முரமாகப் படித்தேன்.

"எதுக்குப் போன? அதையாவது சொல்லு," என்றாள்.

வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எவன் வந்தாலும் 'லியன் இருக்காங்களா'ன்னுதான் கேப்பான். நான் முன்னாடியே நிப்பேன், என்னத் தாண்டிப் பாப்பான். என்ன 'லியனோட தம்பி'ன்னுதான் கூப்பிட்டாங்க. எனக்கே என் பேரு மறந்துடும்போல இருந்துச்சு."

"இப்ப என்ன கூப்பிடறாங்க?"

"ஏரியா மேனேஜர்."

"அது பேராடா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. முதலில் வின் சிரித்தான். பிறகு லியன் ஸ்டீயரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தாள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சிக்னல் பச்சையாகி வெகு நேரமாகியிருந்தது.

"நீ சொல்லியிருக்கலாம்டா," என்றாள், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. குரல் இறங்கியிருந்தது. "எனக்கு அது தோணவே இல்ல."

"எனக்குச் சொல்லத் தெரியல."

கொட்டகைக்குள் நுழைந்ததும் வின் ஆரம்பித்துவிட்டான். அரைக்கல் ஏன் இந்த மூலையில், எண்ணெய்ப் பீப்பாய் ஏன் வாசலில், வெளிச்சம் ஏன் இத்தனை மங்கல். லியன் கம்பியை மெஷினில் பூட்டினாள். பல்லுக்குப் பல் இடைவெளியை வெவ்வேறாகக் கொடுத்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் போய் மூன்று பேருக்கும் பான் மி ரொட்டி வாங்கி வந்தேன். வந்தபோது மறுபடி சண்டை. இந்தத் தடவை பல் நுனியைப் பற்றி.

"கூர்தான் வேணும். கூர் இல்லேன்னா டைட்டானியத்த உரசும்," என்றாள் லியன்.

"கூர் வேணாம்னு சொல்லல. பிளேடு மாதிரி வச்சா மொதல் கடியிலயே நுனி பொரிஞ்சு உதிர்ந்துடும். எத்தன பட்டறைல பொரிஞ்சதப் பொறுக்கியிருக்கேன் தெரியுமா? கூரா அரைச்சுட்டு, லேசாத் தடவி விடு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. மூலையையும் கொஞ்சம் உருட்டு."

"நீ கார்ல சுத்தினவன்."

"சுத்தினதாலதான் பாத்தேன்."

அவள் ரொட்டியைக் கடித்து மென்றாள். மென்று முடிக்கும்வரை யோசித்தாள். "ரெண்டு அரைக்கிறேன். ஒண்ணு என் இஷ்டத்துக்கு, ஒண்ணு உன் இஷ்டத்துக்கு. வெட்டுத்துண்டு சொல்லட்டும்."

மறுநாள் காலை வெட்டுத்துண்டு சொல்லியது. புது ஹோல்டரில் இரண்டுமே வழுக்கவில்லை, இரண்டுமே பாடவில்லை. ஆனால் லியன் இஷ்டத்துக்கு அரைத்ததன் நுனியில் லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னப் பொரிவு. வின் சொன்னபடி அரைத்ததில் ஒரு பொரிவும் இல்லை. நான் சொன்னதும் லியன் லென்ஸை வாங்கித் தானே பார்த்தாள். தம்பியின் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். மேக்பை கீறின இடம். அவன் "ஆ" என்று துள்ளினான்.

"சரி, உன்னோடதப் போடு," என்றாள்.

வெஸ்னா மேசைக்கு அடியிலிருந்து கட்டியை எடுத்து வந்தாள். துணியை அவிழ்த்து மெர்வின் கையில் கொடுத்தாள்; குழந்தையைக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தாள். வின்னின் கட்டர் வெளிச்சுவரை முடித்தது. பானை குடைந்தாயிற்று. இனி விலா. மெர்வ் கோணல் பல் கட்டரை மாட்டி, கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது வெஸ்னாவின் போன் அடித்தது. ஃபிலிப்பா.

"வெஸ்னா, எப்பிடிப் போகுது? விலா வெட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

வெஸ்னா போனை மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கொஞ்சம் பொறுத்துக் காதில் வைத்தாள்.

"கேட்டுச்சா?"

"ஏதோ தண்ணி ஓடுற மாதிரி இருக்கு. வேற ஒண்ணும் கேக்கலையே."

"அதான். வெட்டிக்கிட்டிருக்கோம்."

ஜாப் என் மேசைக்கு வந்தபோது நாலு பேரும் அளவறைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வழக்கமாக யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே எனக்கும் அவசரமில்லை. விலாவின் கனம், தரையின் ஆழம், வாயின் வட்டம். ஒவ்வொன்றையும் அளந்து, திரும்ப அளந்தேன். மெர்வ் கண்ணாடியைத் தட்டினான்.

"சொல்லித் தொலையேன்டா!"

கதவைத் திறந்து, "போகலாம்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மெர்வ் என்னைக் கட்டிப்பிடித்து, எண்ணெய்க் கன்னத்தை என் கன்னத்தில் தேய்த்தான். அந்தப் பட்டறையில் என்னை ஒருவர் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

கூட்டை வாங்கிப் போக ஃபிலிப்பாவே விமானத்தில் வந்தாள். லக்கேஜில் போட மாட்டேன், மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன் என்றாள். பாதுகாப்புச் சோதனையில் அவள் என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது. கப்பல் கிளம்பின அன்று, கூடு மேல்தளத்தில் கட்டி வைத்திருக்கும் படம் ஒன்று அனுப்பினாள். வெஸ்னா அதைக் காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டினாள்.

வின் கம்பெனி வேலையை விடவில்லை. போட்டியாளருக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்தான் என்று மேலதிகாரி சத்தம் போட்டாராம். வெஸ்னா அவரைக் கூப்பிட்டு, இந்த ஆள் இருக்கும்வரை வெளிச்சுவர்க் கட்டர் உங்களிடம்தான் வாங்குவேன் என்று சொல்லியதும் அடங்கிவிட்டார். மெல்லிய சுவர், ஆடுகிற தகடு என்று எங்கே கண்டாலும் வின் ஆளை அக்காவிடம் அனுப்பி வைக்கிறான். சிலசமயம் வேறு மாதிரி ஆட்களையும்.

போன சனிக்கிழமை ஒரு கட்டர் வாங்க பிரேசைடுக்குப் போயிருந்தேன். லியன் ஒரு கையில் அரைத்த கட்டரோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு தாடிக்காரர் கையில் பெரிய நெருப்புக்கோழி முட்டையோடு பவ்யமாக நின்றிருந்தார்.

"முட்டை ஓட்டுல பூ செதுக்கறதுக்குக் கட்டர் கேக்குறாருடா! நீதான் அனுப்பினியாமே? ... சிரிக்காத. ... என்னது? எத்தன பல்லு போடலாம்னா? அத நீ வந்து சொல்லு. சாப்பாடு வாங்கிட்டு வா. மிளகா தூக்கலா."